அந்த ஒரு வரிக்குள் கிடந்தவர்

ஆரணியில் நான் வேலை பார்த்த நூலகத்தில் இப்போது பொறுப்பாக இருப்பவர் சுகன்யா. சென்ற மாதம் ஒரு நாள் போன் செய்தார்.

"மேடம், நம்ம பாட்காஸ்ட்டைப் பத்தி வெளியூர்ல இருந்தெல்லாம் கேக்கறாங்க. எப்படி ஆரம்பிச்சதுன்னு எனக்கே முழுசா தெரியாது. ஒரு நாள் வந்து மைக்ல பேசிட்டுப் போங்களேன்."

"மைக்ல பேசினா நடுவுல அழுதுடுவேன் சுகன்யா. எழுதித் தரேன்."

"எழுதும்போது அழ மாட்டீங்களா?"

"அழுதாலும் உனக்குத் தெரியாது இல்ல?"

அப்படி எழுத உட்கார்ந்ததுதான் இது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நூலகச் சான்றிதழ் படிப்பு முடித்தேன். பெரணமல்லூர் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் சில ஆண்டுகள் தூசி தட்டினேன், முத்திரை குத்தினேன், திட்டு வாங்கினேன். பிறகு ஆரணிக்கு மாற்றல் வந்தது. என் உண்மையான படிப்பு அங்கே சிவப்பிரகாசம் ஐயாவிடம்தான் நடந்தது. அவர்தான் அப்போது நூலகர். நான் அவருக்குக் கீழே உதவியாளர்.

ஐயா அதிகம் பேச மாட்டார். ஆனால் நூலகத்துக்குள் யார் நுழைந்தாலும் எழுந்து நிற்பார். கல்லூரிப் பேராசிரியர் வந்தாலும் எழுவார், சாயப் பட்டறையில் இருந்து நீலமும் சிவப்புமான விரல்களோடு ஒருவர் தயங்கித் தயங்கி வாசலில் நின்றாலும் எழுவார். "எதுக்குங்க ஐயா ஒவ்வொரு தடவையும்?" என்று கேட்டேன். "நான் ஒக்காந்துகினே இருந்தா அவங்க ஆபீசுக்கு வந்த மாதிரி ஆயிடும்மா" என்றார்.

புதுப் புத்தகக் கட்டு வந்தால் அவரே பிரிப்பார். புத்தகத்தின் முதுகை மேசைமேல் நிறுத்தி, முன்னட்டையை ஒரு பக்கமும் பின்னட்டையை மறுபக்கமும் சாய்த்து, தாள்களை மட்டும் ஒரு கையால் நேராகப் பிடித்துக்கொள்வார். முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என்று மாறி மாறிப் படியவைத்து, விரலால் தடவிக்கொண்டே நடுப்பக்கம் வரை வருவார். ஒரேயடியாக விரித்தால் முதுகு உடைந்துவிடும். அதன் பிறகுதான் முத்திரை, எண், கடைசியில் தேதிச் சீட்டு. எனக்கு அந்த வேலையைக் கொடுக்க அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

தன்னம்பிக்கை நூல்கள் அப்போது மூட்டை மூட்டையாக வரும். அட்டையில் சூரியன் உதிக்கும், அல்லது ஒருவர் மலை உச்சியில் கைகளை விரித்துக்கொண்டு நிற்பார். ஐயா அவற்றில் ஒன்றைக்கூடப் படிக்காமல் அலமாரியில் வைத்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்து, மேசையில் இரண்டு அடுக்காகப் பிரிப்பார். "இதெல்லாம் கத்துது. இதெல்லாம் பக்கத்துல வந்து ஒக்காருது" என்பார். இரண்டையும் அலமாரியில் வைப்போம். ஆனால் மனம் நொந்து வருகிறவர்களிடம் முதல் அடுக்கிலிருந்து ஒன்றையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அது எழுதப்படாத விதி. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் "நல்லாயிருந்துச்சா?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "எந்த இடத்துல மூடி வெச்சீங்க?" என்பார். பாதியில் மூடியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த வருடங்களில்தான் தேவிகாபுரத்திலிருந்து செல்வி என்று ஒரு பெண் வந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதென்று மின்விசிறிக்கு அடியில் உட்கார வந்தவர். எங்கோ ஒரு கிராமத்துப் பெண்கள் சேர்ந்து தங்கள் ஏரியைத் திருத்திய கதையை ஐயா கொடுத்தார். செல்வி அதை எடுத்துப்போய், நடவு வேலைக்கு நடுவில் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பெண்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். திருப்பிக் கொடுக்க வந்தபோது முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. "எங்க ஊர் ஏரிக் கால்வாய்லயும் எறங்கிட்டோம் சார். பாதி தூரம் முள்ளு வெட்டியாச்சு. இன்னும் ஒரு வாரம் வெச்சிக்கலாமா புத்தகத்தை?" என்று கேட்டார். ஐயா அன்றைக்கு எழுந்தவர் அவர் போகும் வரை உட்காரவே இல்லை.

அதைப் பார்த்த எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. சரியான கதையைச் சரியான ஆளிடம் சேர்த்தால் போதும், மீதியைக் கதை பார்த்துக்கொள்ளும் என்று. ஐயா ஓய்வு பெற்று, நான் அந்த நாற்காலிக்கு வந்தபோதும் அந்த நம்பிக்கையோடுதான் வந்தேன்.

பாட்காஸ்ட் என்ற சொல்லே எனக்குத் தெரியாத காலம் அது. கஸ்தூரி என்ற நெசவாளிப் பெண் மகனுக்குப் பாடப் புத்தகம் தேடி வந்தார். "உங்களுக்கு ஒண்ணு எடுத்துகினு போங்க" என்றேன். சிரித்தார்.

"எங்க மேடம் படிக்கறது? தறில ஒக்காந்தா கை ரெண்டும் வேலையா இருக்குது. காலு ரெண்டும் வேலையா இருக்குது. காது மட்டுந்தான் சொம்மா இருக்குது."

அன்று முழுக்க அந்தச் சொல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாள் ஐயாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "புத்தகத்தை அப்படியே வாசிச்சு அனுப்பறது சரியில்லம்மா. எழுதினவங்ககிட்ட கேக்கணும். கதையை உன் வாயால சொல்லு. பிடிச்சிருந்தா தேடிகினு வருவாங்க" என்றார். அப்படியே செய்தேன். நூலகம் மூடியிருக்கும் மதிய வேளையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு அலமாரிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து செல்போனில் பேசினேன். சுற்றிலும் புத்தகம் இருந்தால் குரல் எதிரொலிக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழிவறைத் தாழ்வாரத்தில் முதலில் பேசிப் பார்த்து, கிணற்றுக்குள் இருந்து கூப்பிடுவதுபோல் கேட்டதால் இடம் மாறினேன்.

அந்தப் பதிவுகளைக் கஸ்தூரிக்கு அனுப்பினேன். அவர் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளில் அந்தத் தெருவே ஒரு போன் குழுவாகிவிட்டது. பள்ளிக்கூடம் கட்டியவர்கள், சாராயக் கடையை மூட வைத்தவர்கள், விபத்தில் கையிழந்தும் கடை வைத்தவர்கள் என்று வாரத்துக்கு இரண்டு கதை சொன்னேன். "மேடம், இன்னிக்கு உங்க குரலு கேட்டுகினே ஒரு முழம் ஓட்டிட்டேன்" என்று பதில் வரும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததில்லை.

பிறகு கஸ்தூரியிடமிருந்து பதில் வருவது நின்றது. சில வாரம் கழித்து நேரிலேயே வந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு போயிடுச்சி மேடம்."

அவர் கணவர் ஏழுமலையை எனக்குப் பெயரளவில் தெரியும். அந்தத் தெருவில் நல்ல நெசவாளி என்று பெயரெடுத்தவர். கண்ணில் அழுத்த நோய். ஓரத்தில் மங்கிக்கொண்டு வந்ததை விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். மருத்துவரிடம் போனபோது பெரும்பகுதி போய்விட்டது. போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

"செவுத்தப் பாத்து படுத்துகினே இருக்காரு. பேச்சில்ல. அவர தனியா வுட்டுட்டு தண்ணி புடிக்கக்கூட போவ பயமா இருக்குது மேடம். ஏதாவது பண்ணிக்குவாரோன்னு..." கஸ்தூரி முடிக்கவில்லை. "உங்க கதைய அவருக்குப் போட்டுக் காட்டட்டுமா?"

எனக்கு உடனே செல்வியின் சேற்றுக்கால் நினைவுக்கு வந்தது. அலமாரியை நோக்கி நடந்தேன். நல்லவேளை, அதற்கு முன்னால் ஐயாவுக்குப் போன் செய்தேன்.

"முதல்ல டாக்டர், அப்புறந்தான் புத்தகம்" என்றார் ஐயா. "புத்தகம் மருந்து இல்லம்மா. மருந்து சாப்பிடறவனுக்குத் துணை, அவ்வளவுதான். இன்னிக்கே கூட்டிகினு போ."

அன்றே போனோம். ஏழுமலையை ஆட்டோவில் ஏற்ற கஸ்தூரியின் தம்பி வந்தார். மருத்துவமனையில் மனநல ஆலோசகர் ஒரு பெண், அவசரமே இல்லாமல் பேசினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தனியாக விடாதீர்கள், வாரா வாரம் வாருங்கள் என்றார்கள். கஸ்தூரியும் தம்பியும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆலோசகர் அம்மாவின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டிய வரிசையில் அவர்தான் முதல்.

அதன் பிறகு என் முறை. என்னிடமிருந்த நல்ல கதைகளாகப் பொறுக்கி எடுத்துப் பேசி அனுப்பினேன். பார்வையில்லாமல் படித்துப் பெரிய வேலைக்குப் போனவர், பார்வையில்லாமல் நூறு பேருக்கு வேலை கொடுத்தவர். கஸ்தூரி போட்டுக் காட்டுவார். ஒரு நாள் ஏழுமலை கையை நீட்டி போனை வாங்கி, தலையணைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே படுத்துவிட்டாராம்.

நேரில் போனேன். ஒரே அறை. அதில் முக்கால்வாசி தறி. கஸ்தூரி தறியில் இருந்தார். சுவரோரம் பாயில் ஏழுமலை. நான் வணக்கம் சொன்னதுமே எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்கதானா அந்தக் குரலு?"

"ஆமாங்க. தொந்தரவா இருந்தா நிறுத்திடறேன்."

"தொந்தரவு இல்ல மேடம். பேஜாரா இருக்குது." குரல் கரகரத்தது. பேசியே பல நாள் ஆகியிருக்கும். "உங்க கதையில எல்லாரும் ஜெயிச்சிகினே இருக்காங்க. கண்ணு போச்சிங்கறீங்க. அப்பால 'பல வருசம் கஷ்டப்பட்டார்'னு ஒரே ஒரு வரி. அப்பால ஜெயிச்சிட்டாருங்கறீங்க."

தறிச் சத்தம் நின்றது.

"நான் அந்த ஒரு வரிக்குள்ள கெடக்கறேன் மேடம். அதுக்குள்ள இன்னா இருக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அந்த வருசத்துல அவன் காலையில எழுந்து இன்னா பண்ணான்? சாப்டானா? பொண்டாட்டிய அடிச்சானா? எத்தினி மணிக்கு அழுதான்? அத சொல்லுங்க. ஜெயிச்சத நீங்களே வெச்சிக்குங்க."

கஸ்தூரி தறியில் இருந்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் அழுகை மட்டுமில்லை அது. கணவர் இவ்வளவு பேசிக் கேட்டதே அவருக்குப் போதுமாக இருந்தது.

நூலகத்துக்குத் திரும்பி அந்தக் கதைகள் இருந்த புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. நல்ல புத்தகங்களில்கூட அந்த இடம் ஒரு வரி, மிஞ்சினால் ஒரு பத்தி. ஐயா ஏன் "எந்த இடத்துல மூடி வெச்சீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பலர் மூடிவைத்தது அந்த வரியில்தான்.

புத்தகத்தில் இல்லையென்றால் ஆட்களிடம் போக வேண்டியதுதான். நூலகத்துக்குத் தினமும் நாளிதழ் படிக்க வருபவர் லோகநாதன். பஸ் கண்டக்டராக இருந்தவர். விபத்தில் ஒரு கால் போனது. எப்போதும் சிரித்த முகம். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "நீங்க எப்படி மீண்டு வந்தீங்கன்னு வேணாம் சார். மீளறதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்கன்னு சொல்ல முடியுமா?"

சிரிப்பு போய்விட்டது. நாளிதழை மடித்து வைத்தார். "அத யாரும் கேட்டதில்லயே" என்றார்.

அலமாரிகளுக்கு நடுவே இரண்டு முக்காலி போட்டோம். முன்கூட்டி எழுதி வைத்த கேள்விகளை அவர் பேச ஆரம்பித்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். கால் இல்லாத இடத்தில் அரிப்பெடுக்கும், சொறிய அங்கே ஒன்றும் இருக்காது என்றார். தெருவில் பஸ் ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வேன் என்றார். அம்மா வைத்த குழம்பைத் தட்டோடு வீசியதை, அதை அம்மா பேசாமல் துடைத்ததை, சவரம் செய்துகொள்ளாமல் மாதக்கணக்கில் கிடந்ததைச் சொன்னார். "நல்லாயிட்டேன்னு ஒரு நாளுன்னு கெடையாது மேடம். ஒரு நா, குழம்புல உப்பு கம்மின்னு தோணிச்சி. அவ்ளோதான். உப்பு தெரிஞ்சுது." அங்கேயே நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

அனுப்புவதற்கு முன் அவருக்கே முழுவதும் போட்டுக் காட்டி, எடுக்க வேண்டிய இடங்களை எடுத்தேன். இந்தப் பதிவுகள் பின்னால் இணையத்தில் ஏறி பாட்காஸ்ட் ஆன பிறகும், இன்றுவரை அதுதான் எங்கள் விதி. பேசியவர் கேட்டுச் சரி என்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது.

மறுநாள் காலை கஸ்தூரியின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் ஏழுமலை.

"மேடம், அந்த கண்டக்டர் ஒண்ணு வுட்டுட்டாரு. அவங்க அம்மா தொடைக்கசொல்ல இவரு மூஞ்சிய எங்க வெச்சிகினாரு? கேட்டு சொல்லுங்க."

கேட்டுச் சொன்னேன். அடுத்த பதிவுக்கு இரண்டு கேள்வி வந்தது. அதற்கடுத்ததற்கு ஐந்து. ஒரு நாள், "நானே வந்து கேக்கலாமா?" என்று வந்தது.

வீட்டுக்கும் நூலகத்துக்கும் நடக்கும் தூரம்தான். ஆனால் அந்தத் தெரு எப்படி இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காலையில் தறிக்குப் போகும் பாவு நூலைத் தெருவில் நீட்டியிருப்பார்கள். வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிள். நூல் காயவைக்கும் மூங்கில் கொம்புகள் தலை உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கஸ்தூரியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த ஏழுமலை, நெற்றியில் ஒரு கீறலோடு நூலகத்துக்குள் நுழைந்தார். நான் எழுந்து நின்றேன். முக்காலியில் உட்காரவைத்து, மைக்குக்குப் பதிலாக இருந்த போனை அவர் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினேன்.

அன்றைய பதிவில் அவர் யாரையும் கேள்வி கேட்கவில்லை. நடந்து வந்ததைச் சொன்னார். எந்தெந்த வாசலில் எது இடித்தது, யார் "பாத்து வா" என்றார்கள், பார்க்க முடியாதவன் எப்படிப் பார்த்து வருவது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. "நானும் கண்ணு இருக்கசொல்ல அப்படித்தான் வண்டிய வெச்சேன்" என்றார்.

அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் தறியில் இருந்தபடி அதைக் கேட்டார்கள். அந்த வாரமே தெருவின் ஒரு பக்கம் காலியானது. எந்த உத்தரவும் வரவில்லை, எந்தக் கூட்டமும் நடக்கவில்லை. மோட்டார் சைக்கிள்கள் எதிர்ப்பக்கம் போயின. கொம்புகளை உயர்த்திக் கட்டினார்கள். பாவு நீட்டும்போது சுவரோரம் ஓர் ஆள் நடக்க வழி விட்டார்கள். இதை மறுத்த இரண்டொரு ஆண்களின் வண்டிகளை அவர்கள் மனைவிமாரே தள்ளி நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாங்கள் யாரும் எதிர்பாராதது. வழி கிடைத்ததும் வேறு ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக வாசலைத் தாண்டாத ஒரு பெண்மணி கோலூன்றி வந்தார். சக்கர நாற்காலியில் ஒரு கல்லூரி வயதுப் பெண் வந்தாள். அதே தெருவில் பிறந்து வளர்ந்த கஸ்தூரி என்னிடம் சொன்னார்: "இவ்ளோ பேரு வூட்டுக்குள்ள இருந்தாங்களா மேடம்? எனக்குத் தெரியவே தெரியாது." அவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக அந்த முக்காலியில் உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்டவர் ஏழுமலை. நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழுமலைக்குப் பார்வை திரும்பவில்லை. இன்னும் சில காலைகளில் அவர் எழுந்திருக்க மாட்டார். அந்த நாட்களில் பதிவு கிடையாது, யாரும் காரணம் கேட்பதில்லை. கஸ்தூரி நெய்கிறார். பாவில் இழை அறுந்தால் விரலால் தடவிக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவது இவர். சண்டையும் போட்டுக்கொள்கிறார்கள், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

சிவப்பிரகாசம் ஐயா இருந்தவரை ஒரு பதிவையும் விட்டதில்லை. கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது, "இது பக்கத்துல ஒக்காருதும்மா" என்றார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அது. நான் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. ஓய்வூதியம் வாங்கும் இந்த வயதில் திரும்பிப் பார்த்தால், ஒரு மேலதிகாரி, ஒரு தறிக்காரப் பெண், என் கதைகளை வேண்டாமென்று சொன்ன ஒரு மனிதர் ஆகிய மூவரும்தான் என்னை நூலகர் ஆக்கினார்கள் என்று தோன்றுகிறது.

சென்ற வாரம் காய்கறி வாங்கிக்கொண்டு பஸ் நிலையம் பக்கமாக வந்தேன். ஏழுமலை கோலோடு நின்றிருந்தார். பக்கத்தில் யாருமில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மேடமா? சந்தவாசலுக்கு. அங்க லாரி ஓட்டினவரு ஒருத்தரு, என் வயசுதான். ரெண்டு கண்ணும் போயிடுச்சாம். படுத்துகினே இருக்காராம். அவரு சம்சாரம் நம்ம பதிவு கேட்டுட்டு போன் பண்ணாங்க."

"டாக்டர்கிட்ட போனாரா?"

"போயிகினுதான் இருக்காராம். மொத கேள்வியே அதானே கேப்பேன்."

"இருங்க, பைய வீட்டுல வெச்சிட்டு ஜல்தியா வரேன். நானும் கூட வரேன்."

"நீங்க வாணாம் மேடம்" என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நீங்க வந்தா நம்பிக்கையா எதுனா பேசிடுவீங்க."

பக்கத்தில் நின்ற பூக்காரப் பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி வந்து கையைப் பிடித்தார். ஏழுமலை படியைக் கோலால் தட்டிப் பார்த்து ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

பஸ் நகர்ந்தபோது வெளியே கையை நீட்டி அசைத்தார். நான் நின்ற பக்கம் அதுவல்ல. பையைத் தூக்கிக்கொண்டு அவர் கையசைத்த பக்கத்துக்கு ஓடிப்போய் நின்றேன். அங்கிருந்து நானும் கையசைத்தேன்.